1969 கமாரோவின் பழைய உரிமையாளர்களைத் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஓஹையோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த 1969 ஷெவர்லே கமாரோவைப் போன மாதம் வாங்கினேன். இது கோபோ 9561 (ஷெவர்லேயின் சிறப்பு ஆர்டர் எண்) ஆக இருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. டீலர்கள் தனி ஆர்டர் போட்டு 427 கன அங்குல எஞ்சினோடு வரவழைத்த வண்டி அது.

சேஸிஸ் எண் 124379என் என்று தொடங்குகிறது. அதன்படி வி8 எஞ்சின், ஓஹையோவின் நார்வுட் ஆலை என்பது சரி; எந்த வி8 என்று அந்த எண் சொல்லாது. வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கைத் துடைத்துப் பார்த்தேன். எம்என் என்ற எழுத்துகள் (கோபோ 427 எஞ்சினின் மேனுவல் கியர் குறியீடு) மங்கலாகத் தெரிகின்றன, பக்கத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைத் துரு தின்றுவிட்டது. போலி முத்திரை குத்துகிறவர்கள் அதிகம் என்பதால் இதை மட்டும் நம்ப முடியவில்லை.

கதவு ரப்பருக்கு அடியில் ஹக்கர் ஆரஞ்சு என்ற ஷெவர்லேயின் அந்தக் கால நிறத்தில் பெயிண்ட். பின் சீட்டுக்குக் கீழே ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் கம்பி) வெல்டிங் தடம், அதனால் நேர்க்கோட்டு டிராக் (drag) பந்தயத்தில் ஓடியிருக்கும்.

ஓஹையோ, இண்டியானா பக்கம் இப்படி ஒரு வண்டியைப் பார்த்தவர்கள், 70களின் பந்தயப் படங்கள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். அப்புறம், பழைய டைட்டில் (வண்டி உரிமை) பதிவுகளைத் தேடி எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? வாரண்டிப் புத்தகத்தோடு வரும் ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் தகடு (வண்டியின் விவரங்கள் பொறித்த உலோகத் தகடு) யாரிடமாவது தங்கியிருந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.