மகள் சரியாகப் பேசுவதில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மகள் வெளிநாட்டில் கல்லூரி சேர்ந்து முதல் செமஸ்டர் நடக்கிறது. மூன்று வாரமாக வீடியோ கால் வேண்டாம் என்கிறாள். "படிக்கிறேன்மா" என்று ஒரு வரி மெசேஜ் மட்டும்தான். நேற்று கெஞ்சி எடுக்க வைத்தேன். அங்கே நடு மதியம், ஜன்னல் திரை மூடியே கிடந்தது, கண் வீங்கியிருந்தது. அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

கல்லூரிக்கு எழுதினேன். 18 வயது தாண்டியவள், அவள் சம்மதமில்லாமல் எதுவும் சொல்ல முடியாதாம். அதுவும் நியாயம்தான். கவுன்சிலிங் இருக்கிறது, ஆனால் அவளே போய்க் கேட்க வேண்டும். "எனக்கென்ன பைத்தியமா" என்கிறாள்.

இதைக் கடந்து வந்த பெற்றோர் சொல்லுங்கள்: பேச்சை எப்படி எடுத்தீர்கள்? ஒரு செமஸ்டர் லீவு போட்டால் மாணவர் விசா என்னாகும்? நான் நேரில் போனால் அவளுக்கு ஆறுதலா, பாரமா?