கருவாட்டுக் கடைக்கு இலவச ஹோஸ்டிங் போதுமா?

கேள்வி: பாம்பனில் அப்பாவோடு கருவாட்டு வியாபாரம் பார்க்கிறேன். விலைப்பட்டியல் போட ஒரு இணையதளம் வேண்டும். தளத்தை வைக்க இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் சேவை இலவசமாகக் கிடைக்கிறதே, அது போதுமா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி. மண்டபத்தில் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகவில்லை, நானும் தளத்துப் பக்கம் போகவில்லை. அப்புறம் திறந்தால் ஹோஸ்டிங்காரர்கள் கணக்கையே நீக்கியிருந்தார்கள். நெத்திலி காயும் படங்கள், வாடிக்கையாளர் முகவரிகள் எல்லாம் போச்சு. நகல் எடுத்து வைக்கும் பேக்கப் வசதி காசு கட்டியவர்களுக்கு மட்டுமாம். அதற்கு முன்பே பாரைக் கருவாட்டுப் படத்துக்கு மேல் அவர்கள் போட்ட சூதாட்ட விளம்பரம் ஓடியது. பழைய வாடிக்கையாளர் ஒரு அக்கா, போன் போட்டு வருத்தப்பட்டார்.

இன்னொருவர்: யாஹூவே 2009இல் ஜியோசிட்டீஸ் என்ற தன் இலவச இணையதளச் சேவையை மூடியது. டொமைனையாவது, அதாவது தளத்தின் பெயரையாவது, சொந்தமாக வாங்குங்கள். ஹோஸ்டிங் மாறினாலும் தள முகவரி மாறாது.

கேட்டவர்: சரி அண்ணே, முதலில் டொமைன் வாங்குகிறேன்.