உதட்டசைவு பாட்டை முந்துகிறது: எங்கே தவறு?

கரையோரம்:
அனைவருக்கும் வணக்கம். தம்பி எழுதிப் பாடிய நான்கு நிமிடப் பாடலுக்குக் காணொளி செய்தபடியே படத்தொகுப்பைக் கற்றுக்கொள்ளலாம் என்று டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பை நிறுவியிருக்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரையில், விடிவதற்குச் சற்று முன் தொடங்கி வெயில் ஏறும்வரை, ஸ்பீக்கரில் பாட்டை ஒலிக்கவிட்டு, அவனை முழுப் பாட்டுக்கும் வாயசைக்கச் சொல்லிப் போனில் ஐந்து முறை எடுத்தோம். பல்லவியில் கச்சிதமாகப் பொருந்தும் உதட்டசைவு, இரண்டாம் சரணத்தில் பாட்டை முந்திவிடுகிறது. அதே துண்டைப் போனில் ஓட்டினால் சரியாக இருக்கிறது. இருட்டில் எடுத்த முதல் இரண்டில்தான் கோளாறு அதிகம். இன்னொன்று: தாளத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஷாட்டை மாற்றினேன், பார்த்தவர்களுக்குத் தலை சுற்றுகிறதாம்.

டைம்லைன்வாசி:
போனில் சரி, மென்பொருளில் பிழை என்று பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) என்று போன் காட்டினாலும் அதைச் சீராகக் கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளி தேவைப்படுவதால், எண்ணிக்கையைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். குறைந்த பிரேம்களைத் தொகுப்பு மென்பொருள் 30 என்றே எண்ணி ஓட்டும்போது படம் விரைவில் முடிந்துவிடுகிறது, உதடும் முந்துகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தை 30 என்றும் ‘கான்ஸ்டன்ட்’ (மாறாதது) என்றும் வைத்து ஐந்தையும் மாற்றிக்கொண்டு, ரிசால்வில் புதிய புராஜெக்டில் டைம்லைனையும் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) 30க்கு அமைத்த பிறகே துண்டுகளை உள்ளே கொண்டுவாருங்கள். மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

பழைய கத்திரி:
கோடம்பாக்கத்தில் ஃபிலிம் ஓடிய காலத்தில் உதவியாளனாக இருந்தவன் நான். அன்று படப்பிடிப்பில் பாட்டை நாக்ரா என்ற ஒலிநாடாக் கருவியில் ஒலிக்கவிடுவார்கள். கேமராவும் நாக்ராவும் வேகம் மாறாமல் ஓடியதால்தான் உதடு பொருந்தியது. சரி, உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். பாட்டு நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்துக்கொண்டால், தட்டுக்கு 20 பிரேம், நான்கு நிமிடத்தில் 360 வெட்டு. தலை சுற்றாமல் என்ன செய்யும்? பாடும் இடங்களில் தாளத்தை மறந்துவிட்டு, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டுங்கள், ஒரு வரி முழுவதும் அவர் முகத்திலேயே நில்லுங்கள். தாளத்துக்கு வெட்டுவதை இடையிசைக்கு ஒதுக்குங்கள். அங்கும் தட்டு விழுவதற்கு ஓரிரு பிரேம் முன்னரே வெட்டினால், கண் புதிய ஷாட்டில் அமர்ந்துகொள்ள நேரம் கிடைக்கும். விடியலில் எடுத்ததையும் வெயிலில் எடுத்ததையும் மாறி மாறிக் கலந்தால் எவ்வளவு நிறம் திருத்தினாலும் ஒட்டாது. மங்கல் பல்லவிக்கும் வெயில் கடைசிச் சரணத்துக்கும் போகட்டும், கடலில் சூரியன் எழுவதே பாட்டின் ஓட்டமாக அமைந்துவிடும்.

டைம்லைன்வாசி:
ஒன்றை விட்டுவிட்டேன். தூரத்திலிருந்து எடுத்த ஷாட் இருந்தால், போனில் பதிவான ஒலியின் அலைவடிவம் (ஒலியைக் காட்டும் வரைகோடு) பாட்டினுடையதோடு பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஸ்பீக்கர் பாடுபவரின் அருகிலும் போன் 20 மீட்டர் தள்ளியும் இருந்தால், ஒலி போனை எட்ட 0.06 நொடி ஆகும். அது ஏறத்தாழ இரண்டு பிரேம்.

கரையோரம்:
இருவருக்கும் நன்றி. மாற்றிய கோப்புகளில் இரண்டாம் சரணம் பொருந்திவிட்டது. மணலில் தள்ளி நின்று எடுத்த ஷாட்டைச் சரியாக இரண்டு பிரேம் நகர்த்த வேண்டியிருந்தது. முதல் முறை எடுத்ததில் தம்பியின் முகத்தில் இருட்டின் புள்ளிகள்தாம் தெரிகின்றன. பல்லவிக்கு அது உதவாது என்பதால், ஞாயிறன்று விடிந்த பிறகு மறுபடியும் எடுக்கப் போகிறோம்.