வேட்டங்குடிப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன?

தேவகோட்டை வாசகி:
சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வருபவைதாமா? மழை தவறினால் அவை என்ன செய்யும்?

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்:
அனைத்தும் அல்ல, அம்மா. ஊசிவால் வாத்து போன்றவை இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை. நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நம் நாட்டுக்குள்ளேயே நீர் தேடி இடம் மாறுபவை. நத்தைகுத்தியின் அலகை உற்றுப் பாருங்கள்: மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். 1977இல் சரணாலயமான இந்த மூன்று கண்மாய்களும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருப்பதால், கருவேல மரங்களின் அடியில் நீர் நின்றால்தான் நாரைகள் அச்சமின்றிக் கூடு கட்டும். நிற்காத ஆண்டில் வேறு நீர்நிலை தேடிச் சென்றுவிடும். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் நாங்கள் காக்கும் அமைதி கண்மாயை நிரப்பாதே!

காரைக்குடி வாசகர்:
நகரத்தார் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடன் கொடுத்து வட்டித் தொழில் செய்ய, சென்றதையும் இந்தப் பறவைகளின் வரவோடு ஒப்பிடுவார்கள். அது பாதிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். மூன்றாண்டுத் தவணை முடித்து ஊர் திரும்பிய முகவர்களின் போக்குவரத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது உண்மையே. ஆனால் 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது, 1930களின் நெல் விலை வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக வந்த நிலங்களையெல்லாம் விட்டுவிட்டுப் பலர் தப்பி வந்ததைப் பருவகால வலசை என்று எப்படிச் சொல்வது?

தேவகோட்டை வாசகி:
நன்றி. கார்த்திகையில், கண்மாயில் நீர் ஏறியதைக் கேட்டறிந்தபின் வருகிறேன்.