புதுப்பிப்பு: முன்பக்கம் உயர்த்திய ஹைலக்ஸுக்கு எந்த ஷொக்?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: முன்பக்கம் லெவலிங் கிட் (முன்பக்கத்தை உயர்த்த வைக்கும் ஸ்பேசர் என்ற இடைத்துண்டு) போட்டபடியே வாங்கிய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப் பிக்கப். முன் ஷொக் (குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) ஒழுகுகிறது. நீளமானது போடுவதா, கொம்பனி அளவா?

கொம்பனி அளவுதான். "முதலில் ஸ்பேசர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்" என்று இங்கே பதில் சொன்ன ஒரு அண்ணாவின் யோசனையே சரிவந்தது. சில்லைக் கழற்றிப் பார்த்தால், ஸ்பேசர் ஷொக்கின் தலைக்கு மேலே, வாகனத்தின் சட்டகத்தோடு சேரும் இடத்தில் இருந்தது. அப்படியென்றால் உயரத்தைத் தருவது ஸ்பேசர்; ஷொக் தன் பழைய அளவிலேயே வேலை செய்கிறது. அதோடு நீளமான ஷொக்கும் சேர்ந்தால், சில்லு தொங்கும்போது மேல் ஆர்ம் போல் ஜொயின்ற்றும் (சில்லைப் பிடிக்கும் மேல் கையின் மூட்டு) சி.வி. அக்சிலும் (சில்லைச் சுழற்றும் தண்டு) அளவுக்கு மீறி வளையும். ஸ்பேசர் ஸ்பிரிங்கை அமத்தும்படி உள்ளே இருந்தால் கதை வேறு: ஷொக் ஏற்கெனவே நீண்டு நிற்கும், பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்' என்று அடிக்கும்.

பின்பக்கம் உயர்த்தவில்லை, அங்கேயும் கொம்பனி நீளம்தான். நாலும் காஸ் (வாயு நிரப்பிய) ஷொக். அப்புறம் வீல் எலைன்மென்ற் (சில்லுகளின் கோணம்) கட்டாயம் பாருங்கள். என்னுடையது இடப்பக்கம் இழுத்தது, இப்போது நேராகப் போகிறது.

எதிர்பாராதது ஹெட்லைற். வெங்காய மூட்டைகளோடு இரவில் ஏ9 வீதியில் போனால், எதிரே வருபவர்கள் லைற் அடித்துக் காட்டினார்கள். முன்பக்கம் ஏற்கெனவே உயரம், பாரத்தால் பின்பக்கம் இறங்க, வெளிச்சம் நேரே அவர்கள் கண்ணுக்கு. புது ஷொக்கால் இது தீராது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. பின்னுக்கு ஒரு பட்டை கூட்டி, லைற்றையும் இறக்கி வைத்தேன்.