கேலரிக்கு ஆளோடி பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர்:
குழுமத்தார்க்கு வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்கான பாடநூலில் இங்கிலாந்தின் பழைய பயணியர் விடுதிகளைப் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லண்டன் சதர்க்கில் உள்ள ஜார்ஜ் விடுதியின் மேல்தளங்களில், முற்றத்தை நோக்கித் திறந்து, மரக் கைப்பிடியுடன் நீளும் நடைவழிக்கு ஒரு சொல் வேண்டும். மூலத்தில் கேலரி என்றுள்ளது. தாழ்வாரம் என்றால் தரையோடு நின்றுவிடுகிறது.

கட்டடக்கலை ஆசிரியர்:
ஆளோடி என்று எழுதுங்கள். வீட்டின் குறுகிய நடைக்கும், கோட்டை மதில்மேல் காவலர் நடக்கும் வழிக்கும் வழங்கிய சொல் அது. ஜார்ஜில் அதன் வேலையும் அதுதான்: முற்றத்தில் வண்டியை விட்டு இறங்கியவர் படியேறி, பிறர் அறைக்குள் நுழையாமல் தம் அறைக் கதவை அடைகிறார். 1676 தீவிபத்துக்குப் பின் 1677இல் எழுந்த இக்கட்டடம் முற்றத்தைச் சூழ்ந்து நின்றது. ரயில்வே நிறுவனம் 1889இல் பெரும்பகுதியை இடித்துவிட, தெற்குப் பக்கம் மட்டும் எஞ்சியது. லண்டனில் இவ்வகையில் இன்று இருப்பது இது ஒன்றே. நாற்புறமும் ஆளோடி சூழ்ந்த முற்றத்தைக் காட்ட வேண்டுமானால், 15ஆம் நூற்றாண்டில் குளஸ்டரில் துறவிமடம் கட்டிய நியூ இன் விடுதியின் படத்தையும் சேருங்கள்.

தமிழாசிரியர்:
ஆளோடி கொச்சையாக ஒலிக்கிறது. இடைகழி இருக்க வேறு சொல் எதற்கு? திருக்கோவலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவரை அறியாதார் யார்? ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அந்த அளவே குறுகிய நடையைக் கண்முன் நிறுத்துகிறது. விடுதியையும் சத்திரம் என்றே எழுதலாம்.

கட்டடக்கலை ஆசிரியர்:
ஐயா, இடைகழி தெருவாசலுக்கும் வீட்டின் உள்ளுக்கும் நடுவே கழிந்து செல்லும் வழி. அதை மேல்தளத்துக்கு ஏற்றினால், தெருவிலிருந்து குதிரை வண்டி நுழையும் வளைவுக்குக் கீழுள்ள வழிக்குப் பெயரில்லாமல் போகும். அவ்விடத்துக்கு இடைகழியைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. சத்திரத்தை மட்டும் என்னால் ஏற்க இயலாது. அது அறத்துக்குக் கட்டுவது. இவை கட்டணம் வாங்கியவை. 1784இல் அஞ்சல் வண்டிகள் ஓடத் தொடங்கியபின், ஏறத்தாழ பத்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றித் தந்ததே பல விடுதிகளின் பிழைப்பு. ரயில் வந்ததும் அது போயிற்று. பெரிய லாயங்களும் முற்றங்களும் வீண் இடமாயின.

கல்லூரி விரிவுரையாளர்:
கேலரி என்றே விடுங்கள். மாணவர்க்கு அது தெரிந்த சொல். 16ஆம் நூற்றாண்டில் இத்தகைய விடுதி முற்றங்களில் நாடகம் நடந்தபோது மேல்நடைகளில் மக்கள் நின்று பார்த்தார்கள் என்பதையும் நினையுங்கள். பார்வையாளர் மாடம் என்ற பொருள் வலிந்து வந்ததன்று.

கட்டடக்கலை ஆசிரியர்:
நாடகம் பின்னால் வந்த பயன்; அறைகளுக்கு வழி என்பதே கட்டியவர் நோக்கம். நடுவில் நிலையான நாடகமேடை இல்லாத குளஸ்டர் விடுதியின் மேல்நடையை மாடம் என்று விளக்கினால் மாணவர் எதைப் பார்க்க மாடம் என்று கேட்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
கருத்துரைத்தோர்க்கு நன்றி. கட்டடக்கலை ஆசிரியர் சொன்னபடி ஆளோடி என்று அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் கேலரி எனப்படும் ஆளோடி என்று வரும். வண்டி நுழையும் வழி இடைகழி, கட்டடம் விடுதி.

தமிழாசிரியர்:
இடைகழி தரைக்கு இறங்கியதை ஏற்கிறேன். ஆளோடியை ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்குள் மேல்நடை என்ற சொல்லையும் தயைகூர்ந்து ஆராயுங்கள்.