கல்லடி வளவு: ஒக்டோபர் மாதக் கணக்கு

2025 செப்டெம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 6:12
அனைவருக்கும் காலை வணக்கம். இந்தக் குழுவில் அரைச் சொல்லிலும் ஒற்றை எழுத்திலும் பதில் எழுதுவதில்லை என்ற நமது ஒப்பந்தத்தை நேற்றிரவு ஒருவர் மறந்துவிட்டார். "ம்" என்பது பதில் ஆகாது, பவித்ரா. இனி விடயத்துக்கு வருகிறேன். ஒக்டோபர் மாதத்தில் நம் வீட்டில் நடக்க இருப்பவற்றைக் குசினி நாட்காட்டியில் குறித்துப் பார்த்தபோது, எழுதிய கட்டங்களைவிட வெறுமையான கட்டங்களை எண்ணுவதே இலகுவாக இருந்தது. 9 ஆந் திகதி எனக்கு அறுபது வயது நிறைகிறது. அத்துடன் என் ஆசிரியர் சேவையும் நிறைவடைகிறது. 23 ஆந் திகதி பின்வளவு வீட்டுக்குக் குடிபூரல். 30 ஆந் திகதி யாழினியின் கலியாணம். இவற்றுக்கு இடையில் தீபாவளியும் கந்தசஷ்டியும் அண்ணனின் விதைப்பும் வருகின்றன. யார் எதைப் பொறுப்பேற்பது என்பதை இன்றே பேசி முடித்துவிட வேண்டும்.

மாமா, காலை 6:40
தங்கச்சி, விதைப்புக்கு நீ நாட்காட்டியில் கட்டம் போட வேண்டாம். அதை மழைதான் போடும். நம்முடைய மானாவாரி வயலில் புழுதி உழவு முடிந்துவிட்டது. பெரும்போகத்துக்கு இம்முறை மூன்றரை மாத நெல்லைத்தான் விதைக்கப் போகிறேன். ஐப்பசி பிறக்கும்போது இரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால் 30 ஆந் திகதி நான் சால்வையோடு பந்தலில் நிற்பேன். விழாவிட்டால் மேகத்தைப் பார்த்துக்கொண்டு வரம்பில்தான் நிற்பேன். எதுவானாலும் தயிர் என் பொறுப்பு. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் எருமைத் தயிர் நாற்பது சட்டி சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்னம்மா, காலை 7:25
அக்கா, குடிபூரலை இவ்வளவு பிந்திப் போட்டது ஏன் என்று கேட்கலாமா? கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர் வீடு மாறுவது யாருடைய யோசனை? ஒக்டோபர் முதல் வாரத்திலேயே பால் காய்ச்சிவிட்டிருக்கலாமே.

அம்மா, காலை 7:31
புரட்டாதியில் யாராவது குடிபூருவார்களா? ஒக்டோபர் நடுப்பகுதி தாண்டித்தான் ஐப்பசி பிறக்கிறது. 20 ஆந் திகதி தீபாவளி. அதற்குப் பிறகு ஐயர் தந்த முதல் நல்ல நாள் 23 தான். அது கந்தசஷ்டி விரத நாட்களுக்குள் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். பால் காய்ச்சிச் சைவச் சோறு கொடுப்பதற்கு விரதம் இடைஞ்சல் இல்லை.

சின்னம்மா, காலை 7:50
இடைஞ்சல் எனக்குத்தான். கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள் பிடித்துத் தீபாவளியோடு காப்புக் கட்டியதும், ஓரிரு நாளிலேயே சஷ்டி விரதம் தொடங்கிவிடுகிறது. பலகாரச் சூட்டை 25 ஆந் திகதி வைத்தால் முறுக்கும் அரியதரமும் அச்சுப்பலகாரமும் நானே சுடுகிறேன். ஆனால் விரதக்காரி வாயில் வைக்க முடியாது. உப்பும் இனிப்பும் பார்த்துச் சொல்ல, பொய் சொல்லாத ஒருவரை அடுப்படியில் இருத்துங்கள். மூடி இறுகின தகர டின் நான்கும் வேண்டும். மழை ஈரத்தில் முறுக்கு இரண்டு நாளில் நமத்துப்போய்விடும்.

பவித்ரா, காலை 8:15
உப்புப் பார்க்கும் பதவியை நான் ஏற்றுக்கொள்கிறேன், சின்னம்மா. வந்தாறுமூலை வளாகத்தில் அன்று எனக்கு விரிவுரை கிடையாது; அன்று சனிக்கிழமை. இது முழுமையான வாக்கியம் என்பதையும் அம்மா கவனிக்க வேண்டும்.

யாழினி, காலை 9:04
எல்லாரும் திகதிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் என் கலியாணத்துக்கு முன்னரே பெரிய வீட்டை விட்டுப் பின்வளவுக்குப் போவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நேற்று அலுமாரியைத் திறந்தபோது அம்மாவின் சேலைத் தட்டு பாதி வெறுமையாகிக் கிடந்தது. அங்கே என் கூறைச் சேலையை வை என்று அம்மா சொன்ன அந்தக் கணத்தில், நான் ஏதோ அவர்களை எழுப்பிவிடுவது போல் இருந்தது. மூன்று அறை உள்ள வீட்டில் நான்கு பேர் இருக்க முடியாதா?

அம்மா, காலை 9:30
மகள், நீ எங்களை எழுப்பவில்லை. உன் பெயருக்கு எழுதிய சீதன உறுதியில் எங்கள் இருவருக்கும் உயிருள்ளவரை குடியிருக்கும் சீவிய உரித்து வைத்திருக்கிறது. யாரும் எழுப்பவும் முடியாது. நாங்களாகத்தான் எழும்புகிறோம். நம் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் நம் வீட்டுக்கு வருகிறார். வருகிறவர் முதல் நாளே மாமியாரின் குசினியில் தண்ணீர் கேட்டு நிற்கக் கூடாது.

1994 இல் என் கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது உன் அம்மம்மா குத்துவிளக்கையும் உரலையும் ஒரு தகரப் பெட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பின்வளவில் கிடுகால் வேய்ந்த குடிலுக்குப் போனார். நானும் உன்னைப் போலத்தான் அழுதேன். அவர் திரும்பிப் பார்க்காமல் "உரலைப் பிடி" என்றார். அன்று எனக்கு அது கோபம் போலப் பட்டது. உரலைத் தூக்கிக்கொண்டு போய் வைத்த பிறகுதான், அந்தக் குடிலின் நிலத்தை அவர் ஏற்கெனவே மூன்று முறை சாணத்தால் மெழுகி, எனக்குத் தெரியாமல் தயாராக்கி வைத்திருந்தது தெரிந்தது. அவர் குடில் நின்ற இடத்தில்தான் இப்போது அப்பா இரண்டறையும் விறாந்தையும் கட்டியிருக்கிறார். உன் கதவிலிருந்து என் கதவுக்கு நாற்பது அடி. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பவித்ரா, காலை 9:41
அந்த இரண்டறை வீடு பின்னொரு நாள் எனக்கு வரும் என்பதால், சுவரின் நிறத்தைத் தெரிவு செய்யும் உரிமை எனக்கே உண்டு என்று இந்த உணர்ச்சிகரமான வேளையில் பதிவு செய்கிறேன்.

யாழினி, காலை 9:43
சிரிக்க வைத்துவிட்டாய். சரி அம்மா, ஒரே ஒரு நிபந்தனை: காலைத் தேநீர் பெரிய வீட்டில்தான்.

அம்மா, காலை 9:44
சம்மதம்.

துவாரகன், பிற்பகல் 2:05
இப்போதுதான் எழும்பினேன், இங்கே லெஸ்டரில் காலை 9:35. எல்லாவற்றையும் வாசித்தேன். இங்கே இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. விடுதி வாசலில் நிற்கும் மரம் போன கிழமை பச்சையாக இருந்தது, இன்று பாதி மஞ்சள். கூட்டிக் குவித்த சருகின் மேல் நடக்கும்போது, வறுத்த அப்பளத்தை மிதிப்பது போன்ற சத்தம். படிப்புத் தொடங்கிய முதல் மாதத்திலேயே விடுப்புக் கேட்க முடியாது என்பதால் அக்காவின் கலியாணத்துக்கு வர முடியவில்லை. அதைத் திரும்பத் திரும்ப எழுதி உங்களையும் வருத்தப் போவதில்லை. முகூர்த்தம் காலை 6:30 என்றால் இங்கே அதிகாலை 2:00. கைத்தொலைபேசியில் 1:45 க்கு அலாரம் வைத்துவிட்டேன்.

பவித்ரா, பிற்பகல் 2:11
அண்ணா, ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள் என்று நீங்களே போன கிழமை சொன்னீர்கள். அது 26 ஆந் திகதி. அதற்குப் பிறகு நமக்கும் உங்களுக்கும் இடைவெளி நாலரை மணித்தியாலம் அல்ல, ஐந்தரை. இங்கே 6:30 என்றால் உங்களுக்கு 1:00 மணி. 1:45 க்கு எழும்பினால் தாலி கட்டி முடிந்து, மாமா தயிர்ச் சட்டியோடு ஓடுவதைத்தான் பார்ப்பீர்கள்.

துவாரகன், பிற்பகல் 2:13
நல்ல வேளை. அலாரத்தை 12:30 க்கு மாற்றிவிட்டேன். இந்தப் பிழையை யாரும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம்.

அம்மா, பிற்பகல் 2:30
நீ உறங்காமலே இருந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் இலையுதிர்காலத்தை வாசித்ததும் வகுப்பறை நினைவு வந்துவிட்டது. ஐப்பசியும் கார்த்திகையும் நம் இலக்கணத்தில் கூதிர்காலம். இலை உதிர்வதற்கு இங்கே இடமில்லை, குளிர்காற்றும் மழையும்தான். இதைத்தான் இந்தக் கிழமை பதினோராந் தரத்துக்குக் கற்பித்தேன்.

சின்னம்மா, பிற்பகல் 2:48
அக்கா, பிரியாவிடை எப்போது?

அம்மா, பிற்பகல் 3:10
ஆசிரியர் தினமாகிய ஒக்டோபர் 6 இவ்வருடம் போயா விடுமுறையில் விழுவதால் பாடசாலை விழாவை 8 ஆந் திகதிக்கு மாற்றியிருக்கிறார்கள்; என் பிரியாவிடையும் அதே மேடையில். முதல் நியமனத்துக்கு வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக்குப் போனபோது மண்முனைத் துறையில் பாதை என்னும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கிப் போவேன். 2014 இல் அங்கே பாலம் திறந்தபோது நான் இக்கரைக்கு மாறி வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு உதவாத பாலம் என்று அப்பா இன்றும் கேலி செய்வார். என் கவலை எல்லாம் பதினோராந் தரத்தைப் பற்றித்தான். பெப்ரவரியில் சாதாரண தரப் பரீட்சை இருக்கும்போது இடைநடுவே விட்டுவிட்டுப் போகிறேன். கலியாணம் முடிந்து நவம்பர் முதல் கிழமையிலிருந்து பின்னேரங்களில் புது வீட்டு விறாந்தைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கட்டணம் கிடையாது, ஆனால் ஒற்றை எழுத்துப் பதிலும் கிடையாது.

மாமா, மாலை 4:20
பந்தலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஐப்பசியில் பின்னேரம் இடி இடித்தால் முற்றத்து மணல் முழுவதும் குளமாகும். துணிப் பந்தல் வேண்டாம். தகரப் பந்தல் போட்டு ஓரங்களுக்குத் தறப்பாள் இழுத்துக் கட்டுவோம். 28 ஆந் திகதியே நான் ஆட்களோடு வருகிறேன்; வயல் காவலுக்கு என் மூத்தவன் நிற்பான். இந்த வருடம் யானை கொஞ்சம் முந்தி இறங்கியிருக்கிறது.

யாழினி, மாலை 4:32
மாமா, விதைப்பு நேரத்தில் எங்களுக்காக இவ்வளவு அலைய வேண்டாம். பந்தலுக்கு அலுவலகத்து நண்பர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா, மாலை 4:35
மருமகளின் கலியாணத்துக்குத் தாய்மாமன் பந்தல்கால் ஊன்றாமல் அலுவலகத்தார் ஊன்றுவதா? அவர்கள் கதிரை அடுக்கட்டும்.

அம்மா, மாலை 6:02
அப்படியானால் எஞ்சியிருப்பது ஒன்றுதான். கதவு செய்பவர் ஆவணியில் தருவதாகச் சொன்ன இரண்டு கதவுகளையும் இன்னும் தரவில்லை. கேட்கும்போதெல்லாம் பலகை காயவில்லை என்கிறார். கதவு இல்லாத வீட்டில் எப்படிக் குடிபூருவது? இந்தக் குழுவில் ஒரு வருடமாக ஒரு வரி கூட எழுதாத அப்பா இதற்குப் பதில் எழுதுவாராக.

அப்பா, மாலை 6:47
கதவுகள் இரண்டும் இன்று பின்னேரம் ஆட்டோவில் வந்து சேர்ந்தன. முன்கதவைப் பொருத்திவிட்டோம். அறைக் கதவு நிலையைவிட அரை அங்குலம் பெருத்திருப்பதால் நாளை சீவ வேண்டும். மிஞ்சிய பலகையில் விறாந்தைக்கு ஒரு கரும்பலகை சொல்லியிருக்கிறேன்.